ஹர்த்தாலன்று கழற்றிப் போட்ட கிளட்ச்

என் வீட்டுக்காரர் தாணுலிங்கத்தால் ஒரு செய்தியை அரைமணி நேரம் வாய்க்குள் வைத்திருக்க முடியாது. வைத்திருந்தால் வயிறு உப்பிக்கொள்ளும். சாலை என்கிற கடைத்தெருவில் அருமைநாயகம் அண்ணாச்சியின் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். இள வயதில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆணி வாங்க வந்தவனிடம் முந்தின நாள் நான் வைத்த தீயல் குழம்பைப் பற்றிச் சொல்வார். அவன் கரமனை பஸ்ஸில் என்னைப் பார்த்து, "தீயல்ல உப்பு கூடிப்போச்சாமே அக்கா" என்று விசாரிப்பான். வஞ்சியூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். அங்கே கூண்டில் நின்ற திருடர்கள்கூட இவரைவிட வாயைக் கட்டி வைத்திருந்தார்கள்.

கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கடன் கிடையாது, கைவேலை சுத்தம். தண்ணீர் மோட்டார் நின்றாலும் மிக்ஸி புகைந்தாலும் ஒரு மெக்கானிக்கும் எங்கள் வாசல்படி ஏறியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானை மாட்டிவிடுவான் என்பது அவருடைய தீராத சந்தேகம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எங்கள் டீசல் காருக்கு அவரே டாக்டர். எனக்கு எப்போதும் டார்ச் பிடிக்கிற வேலை.

இந்த வாயால் என் மகள் ஒருமுறை பட்டாள். ஸ்வப்னாவுக்குக் கல்யாணம் ஆன அடுத்த வருஷம் நாள் தள்ளிப்போனது. காலையில் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் சாலைக் கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் மனிதர். மூன்றாம் மாசத்துக்கு முன்பே அது கலைந்துபோனது. பிறகு கோயிலுக்குப் போனால், கடைக்குப் போனால், கல்யாண வீட்டுக்குப் போனால், வழியில் கண்ட ஒவ்வொருத்தரும் அவள் வயிற்றைப் பார்த்து, "எத்தனாவது மாசம் மக்ளே?" என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்கப்புறம் ஒன்றும் தங்கவில்லை. கடைசியில் பட்டம் ஜங்ஷனில் ஒரு ஆஸ்பத்திரியில், முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கித் திரும்ப வைக்கலாம், ஆனால் இவளுக்கு முட்டைகளே குறைவு, இந்தத் தடவை விட்டால் பிறகு நம்பிக்கை சொல்ல முடியாது என்றார்கள். மருமகன் ராகேஷ் மஸ்கட்டில் வேலை. அவன் பங்குக்குச் செய்ய வேண்டியதை லீவில் வந்தபோதே செய்துவிட்டுப் போனான். ஸ்வப்னா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் இந்த ட்ரீட்மென்டே வேண்டாம்னு வச்சிருவேன்." நான் சத்தியம் செய்தேன். செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவரிடம் வயிற்றுவலி, மாசாமாசம் ஸ்கேன் என்று சொல்லி ஆட்டோவில் போய்வந்தோம்.

அந்தச் சிகிச்சையின் கடைசியில் ஓர் ஊசி உண்டு. ராத்திரி குறித்த நேரத்தில் போட வேண்டும். போட்டுவிட்டால் மாற்றம் கிடையாது. ஒரு நாள் விட்டு மறுநாள் காலை பத்து மணிக்குள் அவள் ஆஸ்பத்திரி மேசையில் படுத்தாக வேண்டும். நேரம் தாண்டினால் முட்டைகள் தாமாக வெளியேறி உள்ளேயே வீணாகிப்போகும். ஊசி போட்டாச்சு. அடுத்த நாள் சாயங்காலம் டிவியில் சிவப்பு எழுத்து ஓடுகிறது, நாளைக்கு ஹர்த்தாலாம், முழுக் கடையடைப்பு.

நம்ம ஊர் ஹர்த்தாலைப் பற்றிச் சொல்லவா வேண்டும். அறிவிப்பு வந்ததும் பாதி ஊர் கோழிக்கடைக்கு ஓடும். மீதி ஊர் மறுநாள் வீட்டில் என்ன வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போடும். பரணைச் சுத்தம் செய்கிறவர்கள், தலைக்கு டை அடிக்கிறவர்கள், மோட்டாரைக் கழற்றுகிறவர்கள். ஆட்டோ ஓடாது, ஆனால் வண்டி இருக்கிறது, காலையில் ஸ்கேன் என்று சொல்லி இவரையே ஓட்டச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தானே என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

காலையில் ஸ்வப்னாவின் ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காரின் முன்சக்கரம் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. வண்டி ஜாக்கியில், முட்டுக்கு இரண்டு வெட்டுக்கல். அடியிலிருந்து கைலி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கிளட்ச் சிலிண்டர் ஒழுகிட்டு இருந்துதுல்லா? நேத்தே புதுசு மாட்டியாச்சு. இனி காத்து எடுத்தா போதும். ஹர்த்தாலு தானே, பைய எடுப்போம். நீ ஒரு கட்டன் சாயா போடு."

நான் குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கினேன். அது சத்தமில்லாமல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. பெடலை மிதித்தால் குழாய்க்குள் இருக்கிற பிரேக் ஆயில்தான் அந்த அழுத்தத்தைக் கீழே கொண்டுபோய், கியர் பெட்டிப் பக்கமுள்ள சிலிண்டரைத் தள்ளும். குழாயைக் கழற்றும்போது காற்று புகுந்துவிட்டால், மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், கியர் விழாது. டார்ச் பிடித்தே நான் தெரிந்துகொண்ட விஷயம் இது.

"எப்பம் முடியும்?"

"சிலிண்டர்ல உள்ள நிப்பிளைத் தொறந்து வச்சா தானா சொட்டும். மத்தியானம் சோறு உண்ணுறதுக்குள்ள ரெடி."

"இவளுக்கு ஸ்கேன் இருக்கு. இப்பமே போணும்."

"நாளைக்குப் போனா மெஷின் ஓடியா போயிரும்? ஹர்த்தாலன்னைக்கு எவண்டி ஸ்கேன் எடுப்பான்?" என்று அடியிலிருந்து சிரிப்பு வேறு.

உள்ளே வந்தேன். ஸ்வப்னா வெறும் வயிற்றோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஊசிகளால் வயிறு வீங்கி, ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போனில் விளித்தேன். பாலராமபுரத்தில் ஒரு ஹார்ட் பேஷன்டோடு நிற்கிறோம், எப்போது வர முடியும் என்று சொல்ல முடியாது என்றான் டிரைவர். பக்கத்துத் தெரு வெங்கிடேஷிடம் புதுக் கார் இருக்கிறது. அவரைக் கேட்டேன், கண்ணாடியில் கல் விழுந்தால் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார். பைக்கில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"மக்ளே, அப்பாட்ட சொல்லிருவோம்."

"வேண்டாம்மா."

"பின்ன எப்படிப் போறது? நடந்தா?"

எனக்கு அவள்மேலும் கோபம், அவர்மேலும் கோபம், ஹர்த்தால் அறிவித்தவன்மேல் எல்லாவற்றுக்கும் மேலான கோபம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"சொட்ட விட வேண்டாம். நான் மிதிக்கேன், நீங்க எடுங்க. வேகம்."

"இதென்ன கூத்து" என்றார். ஆனால் கூட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. முறையைச் சொல்லிக் கொடுத்தார். அமுக்கு என்றால் பெடலை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார். மீன் தொட்டி டியூப் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழும் பழைய ஊறுகாய் பாட்டிலில் இறங்கும். மூடிவிட்டு விடு என்பார். அப்போதுதான் காலை எடுக்க வேண்டும்.

"நான் பறையாம காலை எடுத்துராதே, கேட்டியா? தொறந்திருக்கும்போது எடுத்தா வெளியே போன காத்தெல்லாம் திருப்பி உள்ள ஏறிரும். ஆயிலு ஒரு டின்தான் இருக்கு. கடை ஒண்ணும் இன்னைக்குத் தொறக்காது."

அமுக்கு. விடு. அமுக்கு. விடு. இரண்டுக்கும் நடுவில் மனிதரின் வாய் ஓயவில்லை. அருமைநாயகம் அண்ணாச்சியின் மச்சினன் வீடு வாங்கிய கதை, அந்த வீட்டுக் கிணற்றில் பூனை விழுந்த கதை. எனக்குப் பல்லைக் கடித்துத் தாடை வலித்தது. ஆனாலும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பிடித்தது. பாதத்துக்குக் கீழே ஏதோ எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி தெரிந்ததும் நான் பகவதியை வேண்டிக்கொண்டேன்.

"அமுக்கு" என்றார். அமுக்கினேன். அப்போது ஸ்வப்னா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடி வந்தாள். "அம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து விளிக்கா. எங்க இருக்கீங்கன்னு கேக்கா. நான் என்ன சொல்ல?" அவள் குரல் உடைந்திருந்தது. நான் திரும்பினேன். திரும்பின வாக்கில் கால் மேலே வந்துவிட்டது.

அடியில் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. "சவமே! காலை எடுத்துட்டியா!" என்று கத்திக்கொண்டே அவர் நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் ஆயில். "முடிஞ்சுது! அவ்வளவும் உள்ள ஏறியாச்சு! ஒரு ஸ்கேனுக்கு எதுக்குட்டி இந்த வெப்ராளமும் அவசரமும்? தாயும் மகளும் சேர்ந்து மனுஷனை வேலை செய்ய விடுறீங்களா?" ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். "நான் சாயா குடிச்சிட்டுதான் இனி தொடுவேன்."

ஸ்வப்னா போனோடு உள்ளே போய்விட்டாள். நான் வண்டியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போனேன். சத்தியம் என்ன சத்தியம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். "ஸ்கேன் இல்ல. அவளுக்குப் பிள்ளை தானா உண்டாகல்ல. முட்டை எடுக்கணும், ஊசி போட்டாச்சு. பத்து மணிக்குள்ள போகல்லேன்னா எல்லாம் பாழ். இனி ஒரு தடவை கிடையாது."

அவர் வெட்டுக்கல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். எத்தனை மாசமாக என்று கேட்பார், ஏன் சொல்லவில்லை என்று சாடுவார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எறிந்த ஸ்பேனரைத் தேடி எடுத்தார். திரும்ப அடியில் நுழைந்தார்.

"அமுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அமுக்கு, விடு என்று வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கிணறும் இல்லை, பூனையும் இல்லை. இந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது, எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு தடவை தவறவிட்டால் என் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று நினைத்து, இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். நடுவில், "டேங்கைப் பாரு" என்றார். ஓடிப்போய் பானெட்டுக்குள் அந்தச் சின்ன டேங்கைப் பார்த்தால் பிரேக் ஆயில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு மிதி மிதித்திருந்தால் மேலிருந்தும் காற்று ஏறியிருக்கும். டின்னில் இருந்ததை ஊற்றினேன். அவசரத்தில் பெயின்ட்மேல் சிந்தியது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துகொண்டு வரும். கதவில் கீறல் விழுந்ததற்காகச் சொந்தத் தம்பியோடு ஒரு ஓணம் முழுக்கப் பேசாமல் இருந்தவர், அன்று எழுந்துகூடப் பார்க்கவில்லை.

டின் காலியானது. டியூப்பில் இன்னும் குமிழ் வந்துகொண்டிருந்தது.

"பாட்டில்ல இறங்கினதைத் திருப்பி ஊத்துங்க."

"அது முழுக்க நுரை" என்றார். நிப்பிளை இறுக்கினார். சிலிண்டரை ஸ்பேனர் பிடியால் டொக் டொக்கென்று தட்டினார். "தொறக்காம மிதிப்போம். வேகமா மிதிச்சு மிதிச்சு விடு. காத்து மேலே ஏறி டேங்க் வழியா போகட்டும்." நான் மிதித்தேன். தொடை வலித்தது, இடுப்பு வலித்தது, தையல் மெஷின் மாதிரி மிதித்தேன். டேங்கில் சின்னச் சின்னக் குமிழாக வந்து உடைந்தது. அடிவரை போய்க்கொண்டிருந்த பெடல் பாதிவரை மட்டும் போகிறது என்றானது. அதற்குமேல் ஏறவில்லை.

"பாதி போதும்" என்று வெளியே வந்தார். "ஸ்வப்னாவ விளி."

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கி வண்டியைக் கிளப்பினார். பெடலை மூன்று நான்கு தடவை மிதித்தால்தான் ஒரு கியர் விழுந்தது, அதுவும் பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு. அவர் கைலியோடு, ஆயில் முகத்தோடு இருந்தார். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். ஸ்வப்னா அவர் பார்வையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துபோனது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நிக்காம போனா போயிரலாம்" என்றார் அவர்.

கிள்ளிப்பாலம், தம்பானூர், ரோட்டில் காக்கை குருவி இல்லை. ஹர்த்தாலைத் திட்டிக்கொண்டே இருந்தவள் அப்போது அதற்கு நன்றி சொன்னேன். பாளையம் வந்தபோது ரோட்டுக்குக் குறுக்கே டயரும் கொடியும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும். அவர் கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தார், வண்டி முழுசாக நிற்காமல் முன்னால் இழுத்தது. மோத வருகிறான் என்று நினைத்து ஒருத்தன் பானெட்டில் ஓங்கி அடித்தான். இவர் பிரேக்கைப் பிடித்து கியரைப் பிடுங்கி நியூட்ரலில் போட்டார். என்ஜின் மட்டும் ஓடியது. திரும்பக் கியர் போடப் பார்த்தார். கர்ரென்றது. விழவில்லை.

"ஹர்த்தாலாணென்னு அறிஞ்சூடே?" என்று அடித்தவன் கத்தினான். ஹர்த்தால் என்று தெரியாதா என்கிறான்.

கூட்டத்திலிருந்து ராஜையன் முன்னால் வந்தான். சாலையில் லோடு இறக்குகிறவன், இவருடைய கடைக்கு நாள்தோறும் வருகிறவன், அன்றைக்கு லட்டு தின்றவர்களில் ஒருத்தன். "தாணு அண்ணாச்சியா? எங்கோட்டு போறீங்க? ஆருக்கு என்ன?"

இவர் வாயைத் திறந்தார். மூடினார். எனக்குத் தெரியும், தொண்டை வரை வந்திருக்கும். "சும்மா… ஒரு… ஆஸ்பத்திரி" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் முகம் கோணிக்கொண்டது. "யாருக்கு சுகமில்ல? எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று ராஜையன் உள்ளே எட்டிப் பார்த்தான். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்ன கேட்டும் பதில் சொல்லாமல் இருந்தார். டேஷ்போர்டு கடிகாரம் என் கண் முன்னால் ஓடியது.

பின்சீட்டு ஜன்னல் இறங்கியது.

"ராஜையன் மாமா" என்றாள் ஸ்வப்னா. மெதுவாகச் சொல்லவில்லை, ரோடு முழுக்கக் கேட்கச் சொன்னாள். "எனக்குப் பிள்ளை நிக்கல்ல. முட்டை எடுக்க ஊசி போட்டிருக்கேன். பத்து மணிக்குள்ள போகல்லேன்னா எல்லாம் அழிஞ்சு போயிரும். எனக்கு இனி வேற தடவை இல்ல. சாலையில யார்ட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க. இப்பம் வழி விடுங்க."

ராஜையன் ஒரு வினாடி அவளையே பார்த்தான். பானெட்டில் அடித்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "டயரை மாத்துங்கடா!" என்று ராஜையன் போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டேன்.

"கியர் விழல்ல ராஜையா" என்றார் இவர். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "கிளட்சுல காத்து. நியூட்ரல்ல தள்ளுங்க. உருண்டா நான் போட்டுருவேன்."

ஹர்த்தால் நடத்துகிறவர்கள் எல்லோரும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வண்டியைத் தள்ளினார்கள். வண்டி உருண்டு ஓட்டம் பிடித்ததும் இவர் கியர் கம்பியை ஒரு வெட்டு வெட்டினார். குதித்துக்கொண்டு பிடித்தது. பின்னால் யாரோ கூவினார்கள். நான் சத்தமாகவே அழுதேன். அவர் அதற்குப் பிறகு எந்த சிக்னலிலும் நிற்கவில்லை, ஆஸ்பத்திரி போர்ச்சில் வண்டி தானாக இழுத்துக்கொண்டு அணைந்தபோதுதான் நின்றார். நர்ஸ் கோபமாகக் கையைப் பிடித்து ஸ்வப்னாவை உள்ளே கூட்டிக்கொண்டு ஓடினாள். நேரம் இருந்தது, அதிகமாக இல்லை.

காத்திருந்த நேரத்தில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "என்னை ஏன் இப்படி வெளியே வச்சிட்டீங்க?" எனக்குப் பதில் இருந்தது, நல்ல பதில்தான், நியாயமான பதில். ஆனால் ஆயில் காய்ந்த அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வழுவழுவென்றிருந்தது.

டாக்டர் வந்து, முட்டைகள் கிடைத்துவிட்டன, நினைத்ததைவிடக் குறைவு, ஆனால் நல்லவை என்றார். இனி மீதி பகவதி கையில். சற்று நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, மயக்கம் தெளிந்துவிட்டது, ஒருத்தர் மட்டும் வரலாம் என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அம்மையல்ல" என்று நர்ஸ் கையைக் காட்டினாள். "ஸ்வப்னயுடே அச்சன் ஆரா?" ஸ்வப்னாவின் அப்பா யார் என்கிறாள்.

அவர் எழுந்தார். கையைக் கைலியில் துடைத்தார், திரும்பத் துடைத்தார். உள்ளே போனார். இத்தனை மாசம் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் கூட நடந்தவள் நான். சத்தியம் செய்தவள் நான், தொடை வலிக்க மிதித்தவளும் நான். கதவு என் முகத்துக்கு முன்னால் மூடியது. எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன். அவர் நெடுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"இத்தன நேரம் ஒண்ணும் சொல்லாமலா?"

"அது எனக்கும் மகளுக்கும் உள்ளது" என்றார்.

மகளிடம் கேட்டேன், அவளும் சிரித்து மழுப்பிவிட்டாள். அவரிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒரு வாரம் தீயல் வைக்காமல் இருந்தும் பார்த்தேன். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று சாலையில்கூட ஒருத்தருக்கும் தெரியவில்லை, நான் விசாரித்துவிட்டேன். அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை.